‘இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?’

நம் ஊரில் ஒருவருடைய சின்னச் சின்ன ஆசைகளுக்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. நாற்பது வயதில் கேட்டால், “இப்ப என்ன அவசரம்? எல்லாம் செட்டில் ஆகட்டும், ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்.” அறுபத்தைந்தில் கேட்டால், “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்? கிருஷ்ணா ராமான்னு இருக்க வேண்டியதுதானே.” முதல் பதிலைச் சொன்ன அதே வாய்தான் இரண்டாவதையும் சொல்கிறது. நடுவில், “சரி, போயிட்டு வா, நல்லா இருந்துட்டு வா” என்று சொல்ல ஒரு வயதை அது ஒதுக்கவே இல்லை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்து நடுத்தரக் குடும்பங்களில் இது வெறும் கருத்தாக இல்லை, ஒழுக்கமாகவே ஆகிவிட்டது. தனக்கென்று எதுவும் செய்துகொள்ளாத அப்பாவைத்தான் மெச்சுகிறோம். அவர் போனபிறகு, பதிமூன்றாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில், “தனக்குன்னு ஒரு நல்ல சட்டை வாங்கிண்டதில்லை மனுஷன்” என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. ஒரு குடும்பமே சேர்ந்து ஒரு மனிதரை அப்படி இருக்கவிட்டதாகத்தான் படுகிறது. இந்த ஒழுக்கம் பணக் கணக்கில் தவறு, மருத்துவக் கணக்கில் தவறு, எந்தப் பக்தியின் பெயரால் சொல்லப்படுகிறதோ அந்தப் பக்தியின் கணக்கிலும் தவறு என்பதே என் கட்சி.

இந்த ‘அப்புறம்’ எப்படி நீள்கிறது என்று பாருங்கள். முதலில் வீட்டுக் கடன். பிறகு பிள்ளையின் இன்ஜினீயரிங் சீட்டு, ஜிஆர்இ, விமான டிக்கெட். பிறகு பெண் கல்யாணம், சீமந்தம், பிரசவம். அதற்குள் பிள்ளைக்கு வரன் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு ஓய்வு பெறும் வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. 58-ல் திருவையாறு ஆராதனைக்குப் போவேன், கும்பகோணத்தில் ஒரு வாரம் தங்குவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு ஓராண்டுக்குள் இரண்டு வருஷம் தள்ளிப் போயிற்று. சம்பளம் கூடுதலாக வருகிறதே என்பது நியாயமான சந்தோஷம்தான். ஆனால் முழங்கால் எந்த அரசாணைக்கும் காத்திருப்பதில்லை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் தி.நகர் போனால் இந்த ஒழுக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெரு முனையிலும் கடைப் படிகளில் அப்பாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பைகள். ஒன்றில் பெண்ணுக்குப் பட்டு, ஒன்றில் மாப்பிள்ளைக்குச் சட்டைத் துணி, ஒன்றில், பாவாடையா சட்டையா என்று தெரியாமலே, இன்னும் பிறக்காத பேரக்குழந்தைக்குக்கூட ஏதோ இருக்கும். உள்ளே போனவர்கள் வரும்வரை அவர் காவல். இரண்டு நிமிஷ நடையில் நல்ல காபி கிடைக்கும். பசிக்கவும் செய்கிறது. கேட்டால், “வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கலாம்” என்பார். வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்பதரை, பால் தீர்ந்திருக்கும். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்து பெஞ்சு போட்டார்கள். அந்த பெஞ்சிலும் நம் அப்பாக்கள் பைகளோடுதான் உட்காருகிறார்கள். பையில்லாமல், சும்மா, வேடிக்கை பார்ப்பதற்கென்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், தெரிந்தவர் யாராவது பார்த்து, “என்ன சார், உடம்பு சரியில்லையா?” என்று கேட்கிறார்.

இதற்கு வரும் முதல் மறுமொழி எனக்குத் தெரியும். “அவங்க அப்படி வாயைக் கட்டி வயித்தைக் கட்டினதாலதான் பிள்ளைகள் இன்னிக்கு அமெரிக்காவில இருக்காங்க.” இதை மேலோட்டமாகத் தள்ளிவிடக் கூடாது. அந்தத் தலைமுறையின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கணக்கைக் கணக்காகப் பார்ப்போம். வாரத்துக்கு இரண்டு தடவை வெளியே போய் 50 ரூபாய்க்கு ஒரு காபியும் ஒரு வடையும் சாப்பிட்டால் வருஷத்துக்கு 5,200 ரூபாய். பிள்ளையைப் படிக்க வைத்தது அந்த 5,200 ரூபாய் இல்லை. பி.எஃப்.பில் போட்ட கடன், அடகு வைத்த நகை, மனைவி கட்டிய சீட்டு, ஓவர்டைம் இவைதான் படிக்க வைத்தன. அவை பெரிய தியாகங்கள், தேவையான தியாகங்கள். அவற்றோடு சேர்த்து, ஒரு பைசா பிரயோசனம் இல்லாத நூறு குட்டித் தியாகங்களையும் செய்தோம். எந்தக் கல்லூரியும் அவற்றைக் கேட்கவில்லை, எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. பெரிய தியாகத்தின் கௌரவம் இந்தக் குட்டித் தியாகங்களுக்கும் ஒட்டிக்கொண்டு, இன்றுவரை கேள்வி கேட்பாரின்றி நடக்கிறது.

அதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. சந்தோஷமாக உட்கார்ந்து ஒரு காபி குடிக்காத அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை சான் ஹோசேயில் அதையேதான் செய்கிறான். ‘எல்லாம் செட்டில் ஆகட்டும்’ என்பது அவன் வாயில் ‘கிரீன் கார்டு வரட்டும்’ என்று ஆகியிருக்கிறது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்காரர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டு நீளத்துக்கு நிற்கிறது. அந்த வரிசையில் நிற்கும்போதே அவனுக்குத் தலை நரைத்துவிடுகிறது. சொத்தைக் கொடுத்ததோடு ‘அப்புறம்’ என்ற வியாதியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

ஓய்வுக்காலத்தைப் பற்றி நம் கற்பனையே சோகமாகத்தான் பழகியிருக்கிறது. 1970-இல் வந்த ‘வியட்நாம் வீடு’ படத்தில் சிவாஜி கணேசன் நடித்த பிரஸ்டீஜ் பத்மநாபனை மறக்க முடியாது. வேலை போனதும் மரியாதை போய், பிள்ளைகளின் முகம் மாறி, கடைசியில் உயிரும் போகிறது. அருமையான நடிப்பு, உண்மையான கண்ணீர். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து அழுத தலைமுறை அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், பிள்ளைகளை நம்பாதே, பணத்தைக் கையில் வைத்துக்கொள் என்பது மட்டும்தான். அந்த மனிதருக்கு ஆபீஸைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் போயிற்றே, ஒரு சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்றே தெரியவில்லையே என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதுதான் விஷயம். சந்தோஷப்படுவதற்குப் பழக்கம் வேண்டும். முப்பது வருஷம் பாடாமல் வைத்திருந்த குரலை அறுபதாவது பிறந்தநாளன்று எடுத்தால் வராது. லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை ஏழு மணிக்குப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ஒரு சாரார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுகிறார்கள். டாக்டர் சொன்ன அடிகளை முடித்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருக்கும், போய்ச் செய்ய ஒரு வேலையும் இருக்காது. இன்னொரு சாரார், பெரும்பாலும் இங்கேயே ஐம்பது வருஷமாக இருப்பவர்கள், மரத்தடி பெஞ்சில் ஒரே ஹிந்து நாளிதழை நாலு பேராகப் பிரித்துப் படிக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்குச் சண்டை. மாதத்தின் முதல் ஞாயிறு மைக் இல்லாத கச்சேரியில் பத்து வயதுப் பையன் பாடுவதற்கு முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறார்கள். இவர்கள் பென்ஷன் வந்த பிறகு சந்தோஷப்படக் கற்றுக்கொண்டவர்கள் இல்லை. ஆபீஸ் போன காலத்திலேயே பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தவர்கள். இந்த ஊரில் பூங்காவின் அருமையை அறிந்த எழுத்தாளர் ஒருவரும் இருந்தார். அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். பூங்காவில் உட்காருவது வேலையற்றவர் வேலை என்று அவர் நினைத்திருந்தால் தமிழுக்கு நஷ்டம்.

‘கிருஷ்ணா ராமா’ வாதத்துக்கு வருகிறேன். வயதானால் ஆசையை விட வேண்டும், கோயில் குளம் என்று இருக்க வேண்டும் என்கிறார்கள். எந்தக் கோயில்? கபாலீசுவரர் கோயிலுக்கு ஒரு மாலை நேரம் போய்ப் பாருங்கள். அங்கே சாமிக்கு எதுவும் குறைவில்லை. பால், சந்தனம், பன்னீர் என்று அபிஷேகம், விதவிதமான அலங்காரம், வேளைக்கு வேளை நைவேத்தியம், நாதஸ்வரம், கடைசியில் பள்ளியறையில் தாலாட்டு. பங்குனிப் பெருவிழாவில் மூன்றாம் நாள் விடிகாலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். அறுபத்து மூவர் அன்று நான்கு மாட வீதிகளிலும் நீர்மோர்ப் பந்தல், பானகம், தொன்னையில் புளியோதரை, தெருவோரத்தில் பலூனும் சொப்புச் சாமானும். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. இவ்வளவு ருசியும் மணமும் சத்தமுமான ஒரு மார்க்கத்தின் பெயரைச் சொல்லித்தான், எழுபது வயது அம்மாவிடம், “உனக்கு எதுக்கு மல்லிப்பூ?” என்று கேட்கிறோம். கற்பகாம்பாளுக்குச் சாத்திய பூவில் ஒரு முழம் அம்மாவின் தலைக்கு வருவதில் எந்த சாஸ்திரத்துக்கு என்ன குறை?

இந்த இடத்தில் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் ‘இந்த வயசுல எதுக்கு’ என்பது ஆண்கள்மேல் சொல்லாக விழுகிறது, பெண்கள்மேல் சட்டமாக விழுகிறது. ஆபீஸில் இருந்தவருக்கு ஒரு தேதியில் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்புகிறார்கள். சமையலறையில் இருந்தவருக்கு அந்தத் தேதி வருவதே இல்லை. அவர் ரிட்டயர் ஆனதும் இவருக்கு வேலை கூடுகிறது. பகல் பதினொரு மணிக்கு இன்னொரு காபி, மத்தியானம் சூடாகச் சாதம். கணவர் போய்விட்டாலோ கலர் புடவை உறுத்துகிறது, சினிமாவுக்குத் தனியாகப் போனால் பேச்சு வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாமி, எண்பதை நெருங்குகிறவர், ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவில் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டிக்குப் பேர் கொடுத்தார். வீட்டில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “கீழே உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது, நாலு பேர் சிரிப்பா” என்றார்கள். அவர் போனார். குனிந்தபடியே, உட்காராமல், இழைக்கோலம் போட்டார். ஈரமாவில் விரல் நழுவாமல் ஒரே இழுப்பில் கோடு போவதை நின்று பார்த்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பரிசு வரவில்லை. அவருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

இனி வெளிநாட்டுப் பிள்ளைகள். இவர்களைக் குறை சொல்வது சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன். பாசத்தால்தான் செய்கிறார்கள், அதனால்தான் இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. நியூஜெர்ஸியில் இருந்தபடியே போனில் அம்மாவுக்குக் காய்கறி ஆர்டர் போடுகிறான் பிள்ளை. கால் மணி நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறது. “நீ எதுக்கும்மா வெயில்ல அலையறே?” ஹாலில் கேமரா வைத்திருக்கிறான், அம்மா விழுந்தால் தெரிய வேண்டும் என்று. எல்லாம் அக்கறை. ஆனால் அந்த அம்மா தெற்கு மாட வீதிக்குப் போனபோது என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார். கொத்தவரங்காயைக் கிள்ளிப் பார்ப்பார். பிஞ்சாக இல்லாவிட்டால் கடைக்காரம்மாவைக் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொண்டே அவள் பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்பார். ஒரு கட்டு முளைக்கீரைக்கு இரண்டு ரூபாய் குறைத்து, அந்த வெற்றியோடு காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க் குடிப்பார். சர்க்கரை இருக்கிறது என்று தெரியும், பாதியை வைத்துவிடுவார். குளக்கரை ஓரமாக வரும்போது தெப்பக்குளத்தில் தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். ஒரு மணி நேரம், மூன்று பேரோடு பேச்சு, ஒரு சண்டை, ஒரு ருசி. பிள்ளை அனுப்பிய பையில் வெண்டைக்காய் மட்டும்தான் இருக்கிறது.

மார்கழியில் இது உச்சத்துக்குப் போகிறது. 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டிலிருந்து பிறந்து, 1928-இல் தொடங்கப்பட்டது மியூசிக் அகாடமி. இன்று மார்கழி இசை சீசனுக்காகக் கலிபோர்னியாவிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் லீவ் போட்டு விமானம் ஏறி வருகிறார்கள். அதே சமயம் அகாடமியிலிருந்து பத்து நிமிஷ ஆட்டோ தூரத்தில் இருக்கும் அப்பாவிடம், “கூட்டத்துல எதுக்குப்பா, யூடியூப்ல கேட்டுக்கோ” என்கிறோம். பல சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது. இளம் பாடகர்கள் பாடுவார்கள், பாதி நாற்காலி காலி. கேன்டீனில் வாழையிலை போட்டுக் காத்திருப்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ராகத்தைத் தப்பாகச் சொல்வார், திருத்தலாம், வாதாடலாம். யூடியூபில் யாரோடு வாதாடுவது?

இதற்கெல்லாம் மகுடமாக வைக்கப்படும் வாழ்க்கை ஒன்று இருக்கிறது. “அவருக்கென்ன, ரிட்டயர் ஆகிட்டு பிள்ளையோட அமெரிக்காவில இருக்கார்.” ஓய்வுக்காலத்துக்கு இதுதான் முதல் பரிசு என்று தெருவே ஒப்புக்கொள்கிறது. ஜெமினி பக்கம் கான்சுலேட் வாசலில் பெரியவர்கள் ஃபைலோடு நிற்பதைப் பார்க்கிறோம். விசிட்டர் விசாவில் போனால் ஒரு தடவைக்கு வழக்கமாக ஆறு மாதம். பிரசவத்துக்கு என்றால் லேகியமும் வத்தலும் பெட்டியில் ஏறும். பேரக்குழந்தையைக் கையில் வாங்கும் சந்தோஷத்தை யாரும் குறைவாகச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு சந்தோஷம். ஒரு நாளில் மிச்சம் இருபது மணி நேரம் இருக்கிறது. புறநகரில் வீடு. கார் இல்லாமல் ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. நடைபாதை பாதி வழியில் நின்றுவிடும். பிள்ளையும் மருமகளும் வேலைக்குப் போனபின் அந்தத் தெருவில் மனித நடமாட்டமே இருக்காது. அம்மா இங்கே செய்த அதே சமையலை அங்கேயும் செய்கிறார், துணைக்கு யாரும் இல்லாமல். நிரந்தரமாகத் தங்கலாம் என்றால் அதிலும் சிக்கல். கிரீன் கார்டு கிடைத்தாலும், வேலை பார்த்த வரலாறு இல்லாத பெற்றோர் மெடிகேரில் பணம் கட்டிச் சேருவதற்கே தொடர்ந்து ஐந்து ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். அதுவரை தும்மலுக்கும் பயந்து இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் போய் முதுமையைக் கழிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நியூயார்க் ஃப்ளஷிங்கில் 1977-இல் கும்பாபிஷேகமான பிள்ளையார் கோயிலின் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டுச் சக வயதுக்காரர்களோடு மணிக்கணக்கில் பேசும் பெரியவர்கள் உண்டு. சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட்டுக்கு நடந்தே போய் மீனும் முருங்கைக்காயும் வாங்கிவரும் தமிழ்ப் பாட்டிகளுக்கு மயிலாப்பூர் மாமிமேல் பொறாமைப்பட எந்தக் காரணமும் இல்லை. அவர்கள் நன்றாக இருப்பதற்குக் காரணம் அந்த நாட்டின் பணக்காரத்தனம் இல்லை. கால் போகும் தூரத்தில் கடையும், கடையில் தெரிந்த முகமும் இருப்பதுதான். மேற்கத்தியர்களையே பாருங்களேன். பிரிட்டிஷ் பென்ஷன்காரர்கள் ஸ்பெயினுக்குப் போகிறார்கள், அமெரிக்கர்கள் போர்ச்சுகலுக்கும் மெக்ஸிகோவுக்கும் போகிறார்கள். தாய்லாந்து ஐம்பது வயதானவர்களுக்கென்று தனி விசாவே வைத்திருக்கிறது. கடல் தாண்டிப் போய் இவர்கள் தேடுவது என்ன? வெயில், நடந்து போகிற மார்க்கெட், கையில் இருக்கும் பென்ஷனுக்குத் தெருவோரத்தில் ஒரு நல்ல காபி, பேர் சொல்லிக் கூப்பிடும் கடைக்காரர். இவ்வளவும் லஸ் முனையிலும் காந்தி நகர் நாலாவது தெருவிலும் வாசலைத் திறந்தால் இருக்கிறது. அதை அற்பம் என்று தள்ளிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத புறநகர் ஹாலில் அப்பா சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பாக்கியம் என்கிறோம்.

“இதெல்லாம் வசதியுள்ளவர்கள் பேச்சு” என்று ஒருவர் சொல்லக்கூடும். இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் எண்கள் கொடுமையாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. கேரளத்துக்கு அடுத்தபடியாக நாம்தான். மாநிலத்தின் முதியோர் உதவித்தொகை 2023-இல் உயர்த்தப்பட்டு மாதம் 1,200 ரூபாய் ஆனது. பி.எஃப். சார்ந்த இபிஎஸ் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாயாக நிற்கிறது. மயிலாப்பூரின் அடுக்குமாடிகளில் அறுபத்தைந்து வயதிலும் பத்துப் பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்கு ரிட்டயர்மென்ட் என்பதே கிடையாது. இதைப் பார்த்து ஒருவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் சிறு சந்தோஷங்கள் பணக்காரர்களின் சொத்து என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். காணும் பொங்கலன்று மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். லட்சக்கணக்கானவர்கள். வீட்டில் கட்டிய புளிச்சோறு, கரும்பு, சுண்டல், பாட்டியைக் கைத்தாங்கலாகப் பிடித்து மணலில் நடத்திவரும் பேரன்கள். கடன் தீரட்டும், அப்புறம் கடலைப் பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பென்ஷனும் எஃப்.டி.யும் உள்ள வீடுகளில்தான் அந்தப் பாட்டி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“கடைசி காலத்துக்கு வேணுமே, ஆஸ்பத்திரிச் செலவு?” என்ற பயம் வேறு. அது நிஜமான பயம். இன்ஷூரன்ஸ் எடுங்கள், எஃப்.டி.யை உடைக்காதீர்கள், சொத்தைப் பிள்ளைகள் பேருக்கு அவசரப்பட்டு எழுதாதீர்கள். இவை எல்லாம் சரி. ஒரு தட்டு பஜ்ஜி எந்த எஃப்.டி.யையும் உடைத்ததில்லை.

டாக்டர் பேச்சை எடுப்பார்கள். சர்க்கரை, பிரஷர், உப்பு குறை, எண்ணெய் கூடாது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு நம் கோபாலபுரத்து மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்தியதுதான். எனவே யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் பஜ்ஜிக் கடையில் தினமும் போய் நிற்கும்படி நான் சொல்லவில்லை. ஆனால் மாத்திரைச் சீட்டில் இருக்கும் கட்டுப்பாட்டைக் குடும்பம் வாழ்க்கை முழுவதற்குமான தடையாக மாற்றிக்கொள்கிறது. டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார், கடற்கரையை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லப்போனால், நட, நாலு பேரோடு பழகு, மூளைக்கு வேலை கொடு என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். வீட்டில் எந்த வரி காதில் விழுகிறது என்பதுதான் பிரச்சினை. முதியவர்களுக்கென்று தனி மருத்துவப் பிரிவு வேண்டும் என்று நாட்டிலேயே முதலில் விழித்துக்கொண்ட ஊர் இது. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் அதைத் தொடங்கினார். அந்த மருத்துவத்தால் கூடுதலாகக் கிடைத்த வருஷங்களைக் கட்டிலிலேயே கழிக்க வைத்தால் அந்த டாக்டர்களின் உழைப்புக்கு என்ன மரியாதை?

ஒரு நல்ல காரியம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல்மேல் மரப்பாதை ஒன்று போட்டார்கள், சக்கர நாற்காலி கடலுக்குப் பக்கம் வரை போக. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. மறுபடி சரிசெய்தார்கள். அதில் ஒரு சாயங்காலம், மகளோ மருமகளோ தள்ளிக்கொண்டு வந்த நாற்காலியில் ஒரு பெரியவர், பாதை முடியும் இடத்தில் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். சாலையில் நின்று கடலைப் பார்ப்பதும் அந்த இடத்தில் இருப்பதும் ஒன்றில்லை. அரசுப் பணத்தில் இதைவிட உருப்படியாக எதுவும் செய்துவிட முடியாது என்று நினைக்கிறேன். 2016 முதல் சென்னை மாநகரப் பேருந்தில் 60 வயதானவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் கொடுப்பதும், 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாததும் இதே வகை.

ரயில்வே எதிர்த் திசையில் போயிற்று. ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதமும் பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போன பிறகும் சலுகை திரும்பவில்லை. பெரியவர்களின் பயணம் அவசியமில்லாத பயணம் என்பதே அதன் அர்த்தம். ‘இந்த வயசுல எதுக்கு’ என்பதை வீட்டில் மாமா சொன்னால் எதிர்த்துப் பேசலாம். டிக்கெட் கவுன்டர் சொன்னால் ஸ்ரீரங்கம் போவதும் ராமேஸ்வரம் போவதும் நின்றுவிடுகிறது. அந்தச் சலுகை திரும்பி வர வேண்டும்.

கடைசியாக மிஞ்சும் வாதம், “வெளியே போய் விழுந்து வைத்தால்?” என்பது. இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும், அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் விழுவதற்குக் காரணம் அம்மா வெளியே போனது இல்லை. நடைபாதை பெயர்ந்து கிடக்கிறது, அதன்மேல் பைக் நிற்கிறது, டிரான்ஸ்பார்மர் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது, மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்பைச் சுற்றி நடுரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. கச்சேரி சாலையிலிருந்து மாட வீதி வரை உட்கார ஒரு பெஞ்சு இல்லை, பொதுக் கழிப்பறையும் எளிதில் கிடைப்பதில்லை. எழுபது வயதுப் பெண்கள் பலர் வெளியே போவதை நிறுத்துவதற்கு முழங்கால்வலியைவிடக் கழிப்பறை இல்லாததுதான் பெரிய காரணம், வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். அம்மாவை வீட்டில் பூட்டி வைக்கச் செலவழிக்கும் அக்கறையை, மருந்தும் காய்கறியும் வாசலுக்கே வரவழைக்கும் அந்தச் சாமர்த்தியத்தை, வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு எழுதுவதில் காட்டலாம். முந்நூறு அடிக்கு ஒரு பெஞ்சு, சுத்தமான கழிப்பறை, பைக் ஏறாத நடைபாதை. நியூஜெர்ஸியிலிருந்தும் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம், மாநகராட்சிக்கு இப்போது ஆன்லைனிலேயே புகார் கொடுக்க முடியும்.